விழித்திருப்பவளுக்கு விடிவு எப்போது?

எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், எஞ்சிய எட்டு மணி நேரம் தனக்கும் தன் குடும்பத்துக்கும் என்று உலகத்து உழைப்பாளி ஒரு நாள் உரத்துக் கேட்டான். கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை முதலாளிகள். தடி பேசிற்று, துப்பாக்கி பேசிற்று, தூக்குக் கயிறும் பேசிற்று. 1886-ஆம் ஆண்டு சிகாகோ நகரத்துத் தெருவிலே சிந்திய குருதி, அந்த எட்டு மணி நேரத்துக்காகச் சிந்திய குருதி! 1923-ஆம் ஆண்டு மே முதல் நாள், இந்தியத் துணைக்கண்டத்திலேயே முதன்முதலாகச் சென்னைக் கடற்கரையிலே மே நாள் விழா எடுத்தாரே சிங்காரவேலர், அதுவும் அந்த உரிமையின் பெயராலேதான்! இன்று குறித்த நேரத்துக்கு மேலே ஆலையிலே நிறுத்தி வைத்தால், "எடு இரட்டைக் கூலி!" என்று நெஞ்சு நிமிர்த்திக் கேட்கிறான் தொழிலாளி. கேட்கட்டும்! கேட்கத்தான் வேண்டும்!

ஆனால், தோழர்களே, ஒன்று கேட்கிறோம். பாடுபட்டுப் பெற்ற அந்த எட்டு மணி நேர உறக்கம், உங்கள் வீட்டிலே எல்லோருக்கும் உண்டா?

பிள்ளை பெற்றுப் பத்து நாளே ஆன பச்சை உடம்புக்காரிக்கு உண்டா? அவளுக்குத் துணையாக, இரவெல்லாம் குழந்தையின் அருகே உட்கார்ந்திருக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆயாவுக்கு உண்டா?

இந்த இருவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். இருவரும் பெண்கள். ஒருத்தி கூலியில்லாமல் விழிக்கிறாள், இன்னொருத்தி கூலிக்கு விழிக்கிறாள். இருவருடைய விழிப்பையும் உழைப்பு என்று ஒப்புக்கொள்ள ஊருக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே நமது வாதம்.

"என்னய்யா இது! நாட்டிலே எரிகிற பிரச்சினை எத்தனையோ இருக்க, அரசியல் ஏட்டிலே தொட்டில் பேச்சா? தாலாட்டா?" என்று கேட்பர் சிலர். கேட்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்வோம். 1928-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்திலே, ஆலைப் பெண்களுக்குப் பேறுகால உதவி தரும் மசோதா வந்தபோது, எழுந்து நின்று அதை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பிள்ளை பெறுபவளுக்கு ஓய்வு தருவது நாட்டின் நலன், அதன் சுமையை அவள் தலையிலே மட்டும் கட்டக்கூடாது என்பது அவர் எடுத்து வைத்த வாதம். அடுத்த ஆண்டே, 1929-இல், அங்கே சட்டம் வந்தது. சட்டமேதை தொட்டிலைப் பற்றிச் சட்டமன்றத்திலே பேசினார். நாம் தலையங்கத்திலே எழுதினால் தவறா?

முதலில் அந்த இரவைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதற்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. இரவு ஒன்பது மணிக்குப் பால் கேட்கும், பதினொன்றரைக்குக் கேட்கும், இரண்டு மணிக்குக் கேட்கும், நாலரைக்குக் கேட்கும். ஒவ்வொரு முறையும் எடுத்து அணைத்து, பால் கொடுத்து, தோளிலே சாய்த்து ஏப்பம் விடவைத்து, நனைந்த துணியை மாற்றி, மறுபடி கண்ணயரச் செய்வதற்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். அதற்குள் அவள் படுக்க வேண்டும், கண் மூட வேண்டும், அடுத்த அழைப்புக்கு எழ வேண்டும். ஒரு நாளா, இரண்டு நாளா? வாரக் கணக்கிலே, மாதக் கணக்கிலே! வார விடுமுறை கிடையாது அந்த வேலைக்கு. பண்டிகை விடுப்பும் கிடையாது.

அவள் உடலின் நிலை என்ன? தமிழ்நாட்டிலே இன்று பேறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. பெருமைதான்! ஆனால் 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இங்கே நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவை மூலம் நடக்கின்றன. வயிற்றைக் கிழித்துத் தைத்த புண் ஆறுவதற்கு முன்னால், குனிந்து, நிமிர்ந்து, குழந்தையைத் தூக்கி, இரவெல்லாம் நடக்கிறாள் அவள். ஆலையிலே ஒரு தொழிலாளிக்கு வயிற்றிலே அறுவை நடந்தால் ஓய்வுச் சீட்டு கேட்கிறோம், இலகு வேலை கேட்கிறோம். இவளுக்கு யார் கேட்பது?

உள்ளத்தின் நிலை இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது: பிள்ளை பெற்ற பெண்களிலே நூற்றுக்குப் பதின்மூன்று பேர் மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள், வளரும் நாடுகளிலே அது ஏறத்தாழ இருபது. தூங்காத இரவுகள் அந்தச் சோர்வை வளர்க்கும். காரணமின்றி அழுகிறாள், குழந்தையை ஏறிட்டுப் பார்க்க மறுக்கிறாள், சோறு வேண்டாம் என்கிறாள். உடனே வீட்டார் என்ன செய்கிறார்கள்? "காற்று அடித்துவிட்டது, கருப்பு அண்டிவிட்டது" என்று வேப்பிலை தேடி ஓடுகிறார்கள், தாயத்துக் கட்டுகிறார்கள். அவளுக்குத் தேவை நாலு மணி நேரத் தொடர் உறக்கமும், நல்லதொரு மருத்துவரும்! தாயத்திலே உறக்கம் இருக்கிறதா? தகட்டிலே மருந்து இருக்கிறதா?

"முன்பெல்லாம் யாருக்கு ஆயா வைத்தார்கள்? எங்கள் பாட்டி பத்துப் பெற்றாள், பத்தையும் தானே வளர்த்தாள்!" என்று பழம்பெருமை பேசுவோர் உண்டு. தானேயா வளர்த்தாள்? தாய் வீட்டுக்குப் போனாள். தாய் இருந்தாள், அத்தை இருந்தாள், தங்கை இருந்தாள், அண்டை வீட்டுக்காரி இருந்தாள். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, மருத்துவச்சி இருந்தாள்! நள்ளிரவிலே வந்து பேறு பார்த்தாள், தொப்புள்கொடி அறுத்தாள், குழந்தையைக் குளிப்பாட்டினாள், தாய்க்கு வெந்நீர் ஊற்றினாள். முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள் பல ஊர்களிலே தலைமுறை தலைமுறையாகச் செய்த பணி அது. அந்தக் குருதித் துணியை வாங்கிப் போய் வெளுத்துக் கொடுத்தவள் வண்ணார் வீட்டுப் பெண். இவர்களுக்கு ஊர் கொடுத்த பரிசு என்ன? களத்திலே கொஞ்சம் நெல், கைநிறையத் தீட்டு! பெற்ற பிள்ளையை முதலில் தொட்ட கை அவள் கை. ஆனால் அந்தக் கை தொட்ட செம்பைத் தனியே கவிழ்த்து வைத்தார்கள். உயிர் காக்கும்போது தீட்டு இல்லை, உண்ணும்போது தீட்டு! என்னே நியாயம்!

ஆகவே, பாட்டியின் காலத்திலும் உழைப்பு இருந்தது. அதற்குக் கூலி இல்லை, கணக்கு இல்லை, மரியாதை இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

அந்தக் காலமும் போய்விட்டது. திருப்பூருக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலை தேடி வந்த இளந்தம்பதிகளுக்கு ஓர் அறையே வீடு. ஊரிலே இருக்கும் தாய், வயல் வேலையையும் நூறு நாள் வேலையையும் விட்டு வந்தால் அங்கே அடுப்பு எரியாது. வந்தாலும் பத்து நாள், பதினைந்து நாள். மாமியாருக்கு வயது அறுபது, மூட்டு வலி. இந்த இடைவெளியிலேதான் இன்று புதிதாக ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் வசதியுள்ள குடும்பங்கள், பேறுகாலத்து இரவுகளுக்கென்றே ஆயா அமர்த்துகின்றன. இரவு எட்டு மணிக்கு வருகிறாள், காலை ஆறு மணிக்குப் போகிறாள். ஏஜென்சிகள் அனுப்பி வைக்கின்றன. அமர்த்துவது தவறு என்று நாம் சொல்லப் போவதில்லை. பெற்றவள் உறங்கட்டும்! உறங்க வேண்டும்! தாய் உறங்கினால்தான் குழந்தைக்கு நலம். ஆனால், அவளை உறங்க வைப்பதற்காக விழித்திருப்பவளை நாம் மறந்துவிடக்கூடாது.

ஆயா என்ற சொல்லைப் பாருங்கள். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல், குழந்தை பார்ப்பவளைக் குறிக்கும் சொல். தமிழ்நாட்டிலே பல வட்டாரங்களில் பெற்ற பாட்டியையும் ஆயா என்றுதான் அழைக்கிறோம். உறவுக்கும் அதே பெயர், ஊழியத்துக்கும் அதே பெயர்! வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலே, துரைமார் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இந்திய ஆயாக்களைக் கப்பலேற்றி அழைத்துப் போனார்கள். கரை சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று இலண்டன் தெருவிலே விட்டுவிட்டுப் போன துரைகளும் உண்டு. அப்படி நிராதரவாக நின்ற பெண்களுக்காக இலண்டனிலே ஆயாக்கள் இல்லம் என்றே ஒரு விடுதி நடந்தது. ஹாக்னி பகுதியிலே அந்த விடுதி இருந்த கட்டடத்திலே 2022-ஆம் ஆண்டு நினைவுப் பலகை பதித்தார்கள். அந்நியன் பலகை பதித்துவிட்டான். நாம் என்ன செய்தோம்?

பழந்தமிழரிடம் இந்தப் பணிக்கு இருந்த பெருமை தெரியுமா? செவிலித்தாய் என்று அழைத்தனர். பெற்றவளை நற்றாய் என்றனர், வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றனர், இருவரும் தாய்! அகப்பாடல்களிலே செவிலி பேசுகிறாள், அவள் பேச்சைக் கேட்கிறார்கள். இன்று மருத்துவமனையிலே பணிபுரியும் செவிலியரின் பெயரும் அந்த வேரிலிருந்து வந்ததுதான். அப்படிப்பட்ட மரபிலே வந்தவர்கள், இரவு ஆயாவுக்குத் தனித் தம்ளர் வைக்கிறார்கள் சில வீடுகளில்! குழந்தையை அவள் மார்பிலே சாய்க்கலாம், அவள் நாற்காலியிலே சாயக்கூடாது! "எந்த ஊர்? என்ன ஆளுங்க?" என்று முதல் கேள்வி! குழந்தை பார்க்கத் தெரியுமா என்பது மூன்றாவது கேள்வி!

சரி, கூலி என்ன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவுடன், "அம்மாடியோ, இருபதாயிரமா!" என்று வாய் பிளப்பார்கள். இரவுக்குப் பத்து மணி நேரம். முப்பது இரவுக்கு முந்நூறு மணி நேரம். இருபதாயிரத்தை முந்நூறால் வகுத்தால் மணிக்கு 67 ரூபாய்கூட இல்லை! அதிலே ஏஜென்சிக்குத் தரகு போக வேண்டும், பேருந்துக்குப் போக வேண்டும், வராத நாளுக்குப் பிடித்தம் போக வேண்டும். மிஞ்சியதைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறாள். வீட்டுக்குப் போனவுடன் உறக்கமா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், குழாயிலே தண்ணீர் பிடிக்க வேண்டும், உலை வைக்க வேண்டும். பகலிலே தகரக் கூரையின் கீழே, வெயிலிலே அவள் உறங்கும் உறக்கம் எப்படிப்பட்ட உறக்கம்?

இவ்வளவுக்கும் பிறகு, வீட்டுக்கார அம்மையார் சொல்கிறார்: "என்ன ஆயா, குழந்தைதான் தூங்கிச்சே, நீயும் தூங்கத்தானே செஞ்சே? அதுக்கு முழுச் சம்பளமா?"

அந்த அம்மையாரைக் கேட்கிறோம். உங்கள் அடுக்குமாடி வாயிலிலே இரவுக் காவலர் உட்கார்ந்திருக்கிறாரே, திருடன் வராத இரவுக்கு அவர் கூலியை வெட்டுவீர்களா? தீயணைப்பு நிலையத்திலே வீரர்கள் காத்திருக்கிறார்களே, தீ பிடிக்காத மாதத்துக்கு அவர்களுக்குச் சம்பளம் இல்லையா? காத்திருப்பதே அவர்கள் வேலை! குழந்தை முனகினால் எழ வேண்டும் என்று ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மூடுகிறாளே, அதற்குப் பெயர் உறக்கமா? 2011-ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக 189-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. அழைத்தால் வர வேண்டும் என்று காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகவே கருத வேண்டும் என்கிறது அது. வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து 24 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது. அந்த உடன்படிக்கையை இந்திய அரசு இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. ஏன் என்று கேட்கிறோம்!

இன்னொரு விந்தையைக் கேளுங்கள். 1948-ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம், இரவிலே பெண்ணைத் தொழிற்சாலையில் வேலை வாங்கக்கூடாது என்று தடுத்தது. 2000-ஆம் ஆண்டிலே சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது. ஐம்பதாண்டுக்கு மேல், பெண்ணின் இரவைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டது சட்டம்! ஆனால் வீட்டுக்குள்ளே அவள் விழித்த இரவைப் பற்றி ஒரு வரி எழுதிற்றா? ஆலைக்கு வாயில் உண்டு, அதிலே ஆய்வாளர் நுழைவார். வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றுவிடுகிறது சட்டம்.

பேறுகாலச் சட்டமும் அப்படியே. 1961-இல் வந்த சட்டம் பன்னிரண்டு வாரம் விடுப்புத் தந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதே 26 வாரத்தைச் சொல்கிறது. வரவேற்போம்! ஆனால் கடைக்கும் நிறுவனத்துக்கும் பத்துப் பேர் வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்கும். சித்தாளுக்கு எங்கே? பீடி சுற்றி வீட்டிலே இருந்து கொடுப்பவளுக்கு எங்கே? பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள வந்தாளே ஆயா, அவள் பிள்ளை பெற்றபோது எத்தனை நாள் படுத்திருந்தாள் என்று எந்த வீட்டாராவது கேட்டதுண்டா?

ஆகவே, ஆயா அமர்த்தும் வீட்டாருக்குச் சில சொல்வோம். அமர்த்தும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு வருவது, எத்தனை மணிக்குப் போவது, கூலி எவ்வளவு, எந்தத் தேதியில். வாரத்துக்கு ஓர் இரவு சம்பளத்தோடு ஓய்வு. இரவுச் சாப்பாடு, சாய்ந்துகொள்ள ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு விசிறி. அவள் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். பூட்டி வைக்க அது உங்கள் சொத்தன்று. குழந்தை பார்க்க வந்தவளைப் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் ஏவாதீர்கள். நள்ளிரவிலே வேலை முடிந்ததென்று தனியே தெருவில் அனுப்பாதீர்கள். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் தமிழ்நாட்டிலே அமைந்திருக்கிறது. அதிலே அவள் பதிந்திருக்கிறாளா என்று கேளுங்கள். இல்லையென்றால் பதிய உதவுங்கள். நமது தோழர்கள் வட்டந்தோறும் இந்தப் பதிவுப் பணியை எடுத்துச் செய்யலாம். சுவரொட்டி ஒட்டுகிற கைகளுக்கு ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரியாதா?

உரிமை பேசினோம், கடமையும் பேசுவோம். இரவு ஆயாவின் பணி, தாயின் பாலைக் குழந்தைக்குச் சேர்ப்பது. அதற்குப் பதிலாக வேறொன்றைப் புகட்டுவதன்று. ஆறு மாதம் வரையில் தாய்ப்பால் மட்டுமே போதும். குழந்தை அழுகிறதென்று சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், சேனை வேண்டாம், உரை மருந்து வேண்டாம். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகவே ஆகாது. மூக்கிலே எண்ணெய் விட்டு ஊதினால் சளி போகாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போகும்! தூங்குவதற்கென்று மருத்துவர் சொல்லாத எந்தச் சொட்டு மருந்தும் கூடாது. குழந்தையைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். முகத்தருகே தலையணையும் கனத்த போர்வையும் கூடாது. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று சொல்லித் தாகத்திலே தவிக்க விடும் வீடுகள் இன்னும் உண்டு. பால் சுரக்க வேண்டியவளுக்குத் தண்ணீர் மறுப்பது, கிணற்றை மூடிவிட்டுக் குடத்தை நிரப்பச் சொல்வது போன்றது.

சில அடையாளங்களை எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடல் சுட்டால் அல்லது சில்லிட்டால், மூச்சு வேகமாக வாங்கினால், வலிப்பு வந்தால், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தாய்க்கு உதிரப்போக்கு மிகுந்தால், காய்ச்சல் வந்தால், தலைவலி தாங்க முடியாமற் போனால், பார்வை மங்கினால், அப்போதும் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பாதீர்கள். அவளுக்கு அந்த நொடியே நல்ல நேரம்!

இதுவரை சொன்னது ஆயா அமர்த்தக் கூடிய வீட்டுக்கு. இந்த ஏட்டைத் தேநீர்க் கடையிலே படிக்கும் தோழருக்கு அது கைக்கெட்டுமா? எட்டாது. மாதக் கூலியே இருபதாயிரத்தைத் தொடாத வீட்டிலே இருபதாயிரத்துக்கு ஆயா எங்கே வருவாள்? அந்த வீட்டுக்கு இரவு ஆள் யார்?

நீங்கள்தான், தோழரே!

கோபிக்காதீர்கள். "ஏம்மா, பிள்ளையைக் கொஞ்சம் அமர்த்தேன், காலையிலே எனக்கு முதல் ஷிப்ட்டு" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனவர் எத்தனை பேர்? உங்களுக்கு முதல் ஷிப்ட்டு. அவளுக்கு மூன்று ஷிப்ட்டும்! மேடையிலே பெண்ணுரிமை, மேடையை விட்டு இறங்கினால் தனிப் பாய்! பால் கொடுக்க ஆணால் ஆகாது, ஒப்புக்கொள்கிறோம். துணி மாற்ற ஆகாதா? தோளிலே போட்டு ஏப்பம் விடவைக்க ஆகாதா? அழும் குழந்தையை மார்போடு அணைத்து நடக்க ஆகாதா? தந்தையின் நெஞ்சிலும் சூடு உண்டு, தோழரே! பீய்ச்சி வைத்த தாய்ப்பாலைப் பாலாடையிலே புகட்டும் முறையை மருத்துவமனைச் செவிலியரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டால், ஒரு வேளையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இரவை இரண்டாகப் பங்கிடுங்கள். ஒன்பது முதல் ஒரு மணி வரை, பால் கொடுக்க மட்டும் எழுந்து உடனே படுத்துவிடட்டும் அவள்; மற்ற வேலையெல்லாம் உங்களுடையது. ஒரு மணிக்குப் பின் நீங்கள் உறங்குங்கள். இரந்து வாங்கும் உதவியாக இல்லாமல், முறைப்படி மாறும் ஷிப்ட்டாக நடக்கட்டும் அது.

"எனக்கு விடுப்பு யார் தருவார்?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! அதைத்தான் உரத்துக் கேட்க வேண்டும். ஒன்றிய அரசின் ஊழியருக்குத் தந்தைமை விடுப்பு 15 நாள் உண்டு. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. பிள்ளை பிறந்தால் அரசு ஊழியன் மட்டும்தான் தந்தையா? போனஸ் கேட்கும் கோரிக்கைப் பட்டியலிலே, பஞ்சப்படி கேட்கும் அதே தாளிலே, தந்தைமை விடுப்பையும் ஒரு கோரிக்கையாக எழுதுங்கள். எழுதாத சங்கம் பாதி வீட்டைத்தான் காக்கிறது.

அரசுகளுக்கும் சொல்கிறோம். ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் தமிழ்நாடு அரசு தரும் உதவி, 2006-இல் ஆறாயிரம், 2011-இல் பன்னிரண்டாயிரம், பின்னர் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு பதினெட்டாயிரம் என்று வளர்ந்திருக்கிறது. கிராமத்துச் செவிலியர் வீடு தேடி வருகிறார். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் தொடங்கி நாற்பத்திரண்டாம் நாள் வரை வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று நாட்டின் நலவாழ்வுத் திட்டம் முறை வகுத்திருக்கிறது. நல்ல அடித்தளம்! ஆனால் வருபவர்கள் எல்லோரும் பகலில் வருகிறார்கள். இரவு?

நெதர்லாந்து நாட்டைப் பாருங்கள். அங்கே பிள்ளை பெற்ற ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் பயிற்சி பெற்ற பேறுகாலத் துணையாள் வருகிறார். கிராம்சோர்க் என்று பெயர். முதல் எட்டுப் பத்து நாள்களுக்குள், தேவையைப் பொறுத்து 24 முதல் 80 மணி நேரம் வரை, அடிப்படை மருத்துவக் காப்பீட்டின் கீழேயே வருகிறார். தாயையும் சேயையும் பார்க்கிறார், பால் கொடுக்கும் முறை சொல்லித் தருகிறார், தந்தைக்கும் சேர்த்துச் சொல்லித் தருகிறார். பணக்காரிக்கு மட்டும் துணை, ஏழைக்குத் தனிமை என்ற பேச்சு அங்கே இல்லை. அதே திட்டத்தை அப்படியே பெயர்த்து இங்கே நடச் சொல்லவில்லை. நம் நிலத்துக்கு ஏற்றபடி செய்யலாம். உதவிக்கு ஆளில்லாத ஏழைத் தாய்க்கு முதல் பத்து இரவுகளுக்குத் துணை. அந்தப் பணிக்கு ஊர்ப் பெண்களுக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி. அவர்களுக்கு உள்ளாட்சி மன்றத்தின் வழியே மாதச் சம்பளம். தாய்க்கும் உறக்கம் கிடைக்கும், பத்துப் பெண்களுக்கு மதிப்பான வேலையும் கிடைக்கும். பாலம் கட்டுவதையும் சாலை போடுவதையும் வளர்ச்சி என்கிறோமே, பெற்றவளை உறங்க வைப்பது வளர்ச்சி ஆகாதா?

"செலவாகுமே!" என்பார்கள். ஆகும். இப்போதும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் செலவைப் பெண்ணின் கண்ணிலிருந்தும், முதுகிலிருந்தும், மனத்திலிருந்தும் நாள்தோறும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கிலே எழுதாததால் செலவே இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

முடிவாக, மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். இரவு ஆயா தொழிலாளி. அவளுக்கு எழுதிய கூலி, வார ஓய்வு, வாரியப் பதிவு வேண்டும். அவளை அனுப்பித் தரகு வாங்கும் நிலையங்கள் அரசின் உரிமத்துக்கும் கணக்குக்கும் கட்டுப்பட வேண்டும். எல்லாத் தொழிலாளர்க்கும் தந்தைமை விடுப்பு, ஏழைத் தாய்க்கு இரவுத் துணை, இவ்விரண்டும் சட்டமாக வேண்டும்.

இந்த மூன்றும் கோட்டையிலிருந்தும் தில்லியிலிருந்தும் வரவேண்டியவை. வரும்வரை வாதாடுவோம், போராடுவோம். நான்காவது ஒன்று இருக்கிறது. அதற்கு ஆணை வேண்டாம், அரசிதழ் வேண்டாம், ஆளுநர் கையெழுத்தும் வேண்டாம். இன்றிரவு குழந்தை அழும்போது, அவளுக்கு முன்னே நீங்கள் எழுந்திருங்கள்!